தேசியத் தடகள மீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன்

2022 ஏப்ரலில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் தேஞ்ஞிப்பாலத்தில் ஃபெடரேஷன் கப் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். முரளி ஸ்ரீசங்கர் 8.36 தாண்டி இரண்டாவது வந்தார். ஆனால் தேசிய சாதனை என்று அறிவித்தது ஸ்ரீசங்கரின் 8.36ஐ.

கேலரியில் என் பக்கத்தில் இருந்த பழைய மாணவன் ஒருவன் கொதித்துப்போனான். "சார், ஜெயிச்சவன விட்டுட்டு ரெண்டாவது வந்தவனுக்கு ரெக்கார்டு குடுக்காவ, இது என்ன நியாயம்?" ஜெஸ்வின் சாத்தான்குளம் பக்கம் முதலூர்க்காரர். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளை என்பதால் கோபம் இரட்டிப்பு. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களோ பாலக்காட்டுப் பையன் ஸ்ரீசங்கருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்த மலையாளிகள். அவனை உட்காரவைத்து விஷயத்தைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

விஷயம் காற்றில் இருக்கிறது. முதுகுப் பக்கமிருந்து அடிக்கும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால், அந்தத் தாண்டல் சாதனைக்கு ஆகாது. போட்டியில் முதலிடம், இரண்டாமிடம் முடிவு செய்ய மட்டும் செல்லும். ஜெஸ்வினின் 8.37க்குப் பின்காற்று 4.1. ஸ்ரீசங்கரின் 8.36க்கு 1.5. அதனால் தங்கமும் நியாயம், சாதனையும் நியாயம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்த வருஷம் மார்ச் 2ஆம் தேதி பெல்லாரி பக்கத்து விஜயநகரில் ஜெஸ்வின் 8.42 தாண்டி அந்தச் சாதனையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அதே 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியில், தகுதிச் சுற்றிலேயே ஸ்ரீசங்கர் 8.41 தாண்டினார். இரண்டு தடவையும் நடுவில் நின்றது ஒரே ஒரு சென்டிமீட்டர். இப்படி ஒரு போட்டி இரண்டு பேருக்குள் அமைவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும், சில சமயம் அதிகாரிகளில் ஒருவனாகவும், சும்மா வேடிக்கை பார்க்கவும் நிறைய மீட் போயிருக்கிறேன். தேசிய அளவில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை யார் வேகமாக ஓடினார் என்பதைப் பற்றியே இல்லை. ஓடியது செல்லுமா செல்லாதா என்பதைப் பற்றித்தான். மாவட்டப் போட்டியில் இந்தப் பேச்சே எழாது. அங்கே விசிலும் ஸ்டாப் வாட்சும் போதும். அதனால் முதல்முறை தேசிய மீட்டுக்கு வரும் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் அங்கே போய் முழிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காற்றுமானி. நீளம் தாண்டுதலில் அதை ஓடுபாதையின் ஓரத்தில், மிதித்துத் தாண்டும் பலகையான போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 1.22 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். தாண்டுபவர் போர்டுக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள அடையாளத்தைக் கடந்ததும் 5 வினாடிக்குக் காற்றை அளக்கும். 100 மீட்டர் ஓட்டமென்றால் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி. ஆக, நீங்கள் ஓட ஆரம்பிக்கும்போது அடித்த காற்று வேறு, கருவி எடுத்துக்கொண்ட காற்று வேறாக இருக்கலாம். பக்கத்தில் துணிப்பை மாதிரி ஒன்று கம்பத்தில் தொங்கும். அது எந்தப் பக்கம் உப்புகிறது என்று பார்க்காமல் ஓட்டத்தைத் தொடங்கும் பிள்ளைகளை நான் சத்தம் போடுவேன். ஓட்டம் தொடங்க ஒரு நிமிடம் தருகிறார்கள். அதில் இருபது, முப்பது வினாடி நின்று பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. காற்று முதுகில் அடித்தால் கால் தானாக நீளும், போர்டில் ஃபவுல் ஆகும். ஓடத் தொடங்கும் இடத்தைக் காட்டும் செக் மார்க்கை ஒரு பாதம் பின்னால் தள்ளிவைத்துவிட்டு ஓட வேண்டும். எதிர்காற்று என்றால் நேர்மாறு.

அதே தேஞ்ஞிப்பாலம் மீட்டில் இன்னொரு சம்பவம். எனக்கு ஜெஸ்வின் விஷயத்தைவிட இதுதான் மனதில் தங்கிவிட்டது. விசாகப்பட்டினத்துப் பெண் ஜோதி யாராஜி 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.09 வினாடியில் முடித்தார். அப்போது தேசிய சாதனை 13.38. அனுராதா பிஸ்வால் 2002இல் டெல்லியில் ஓடியது, இருபது வருஷமாக யாரும் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் கேலரியே எழுந்துவிட்டது. அப்புறம் காற்றின் அளவு வந்தது. 2.1. சும்மா 0.1 கூடுதல். சாதனை போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு இது முதல் அடி இல்லை. 2020 ஜனவரியில் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஜோதி 13.03 ஓடியிருந்தார். அதுவும் சாதனையாகப் பதிவாகவில்லை. காரணம் காற்று இல்லை. அந்த மீட்டில் ஊக்கமருந்துப் பரிசோதனை எடுக்கவில்லை, தடகளச் சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓடியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பரிசோதகரை வரவழைப்பது அவர் வேலையா? ஆனால் நஷ்டம் மட்டும் அவருக்கு. 2022 மே மாதம் சைப்ரஸில் லிமசோல் என்ற ஊரில் 13.23 ஓடிய பிறகுதான் சாதனை அவர் பேருக்கு வந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். செல்லாமல் போன இரண்டு ஓட்டமும் செல்லுபடியான ஓட்டத்தைவிட வேகமானவை! பிறகு அதே வருஷம் அக்டோபரில் பெங்களூருவில் தேசிய ஓப்பன் போட்டியில் முறையான காற்றில் 12.82 ஓடி, வாய் பேசியவர்களை அடக்கினார்.

இதிலிருந்து நான் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் பிள்ளை தகுதி நேரத்துக்கோ சாதனைக்கோ குறிவைத்திருந்தால், எந்த மீட்டில் ஓடுவது என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். அங்கே மின்னணு நேரக் கருவி உண்டா, காற்றுமானி உண்டா, சம்மேளனத்தின் காலண்டரில் அந்தப் போட்டி இருக்கிறதா, பரிசோதனைக்கு ஆள் வருவார்களா? கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். கையால் அமுக்கி எடுத்த நேரம் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி "என் மகன் 10.6 ஓடுகிறான்" என்று சொல்லிக்கொண்டு தேசிய மீட்டுக்கு வந்து, 10.9 என்று போர்டில் பார்த்ததும் கருவி கோளாறு என்று சண்டைக்கு நிற்கிற அப்பாக்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

நூறில் ஒரு பங்கு வினாடி என்றால் என்ன என்று டூட்டி சந்திடம்தான் கேட்க வேண்டும். 2016 ஏப்ரலில் டெல்லி ஃபெடரேஷன் கப்பில் 100 மீட்டரை 11.33இல் ஓடினார். 2000ஆம் ஆண்டிலிருந்து நின்றிருந்த ரசிதா மிஸ்திரியின் 11.38 உடைந்தது. தேசிய சாதனை. ஆனால் ரியோ ஒலிம்பிக் தகுதி நேரம் 11.32. சாதனை படைத்த கையோடு, ஒலிம்பிக் டிக்கெட் கைக்கு எட்டாமல் போன வருத்தமும் சேர்ந்துகொண்டது. ஜூன் மாதம் கஜகஸ்தானில் அல்மாட்டி போய் 11.30, 11.24 என்று ஒரே நாளில் இரண்டு தடவை தாண்டிக் காட்டினார் என்பது வேறு கதை. ஃபினிஷில் நெஞ்சைக் கொடுத்து முடி, கோட்டுக்கு அந்தப் பக்கம் 5 மீட்டர் வரை ஓடு, பக்கத்து லேனைத் திரும்பிப் பார்க்காதே என்று கிரவுண்டில் கத்துகிறோமே, அது இதற்காகத்தான்.

சரி, புரொடெஸ்டுக்கு, அதாவது நடுவரின் முடிவை எதிர்த்துச் சொல்வதற்கு வருவோம். இது நம் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாத இடம்.

ஒரு ஜூனியர் தேசிய மீட்டில் என் மாணவி நீளம் தாண்டினாள். மூன்றாவது வாய்ப்பு. அதில் நல்ல தூரம் வந்தால்தான் கடைசி எட்டு பேருக்குள் போக முடியும். தாண்டி எழுந்து திரும்பினால் சிவப்புக் கொடி. அவளுக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. பயிற்சியாளர்கள் உள்ளே இறங்கக் கூடாது. நான் கேலரியிலிருந்து என்ன கத்தினாலும் ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காது. ஆனால் ரயிலிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். உனக்கு ஃபவுல் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் போர்டு பக்கத்திலேயே நின்று கையைத் தூக்கு, ரெஃப்ரியைப் பார்த்து "புரொடெஸ்ட் சார்" என்று மட்டும் சொல், மணலைச் சமப்படுத்த விடாதே. அவள் அப்படியே செய்தாள். மண்வெட்டியோடு வந்த பையனைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "புரொடெஸ்ட் சார், புரொடெஸ்ட் சார்" என்று நின்றாள். அந்தப் பையன் மிரண்டு போய் நின்றுவிட்டான். ரெஃப்ரி வந்து குனிந்து போர்டு ஓரத்தில் இருந்த பிளாஸ்டிசைனை, அதாவது கால் பட்டால் தடம் பதியும் களிமண் மாதிரிப் பொருளைப் பார்த்தார். அதில் ஸ்பைக் பட்ட அடையாளமே இல்லை. வழவழவென்று இருந்தது. கொடி தூக்கியவர் அவசரப்பட்டிருக்கிறார். அளந்தார்கள், செல்லுபடியாயிற்று. கடைசியில் ஆறாவது இடம்தான். பதக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

விதி இதுதான். களப் போட்டியில் ஃபவுல் கொடுத்ததை ஏற்காவிட்டால் அந்த நிமிடமே வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ரெஃப்ரி விரும்பினால் தூரத்தை அளந்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மணலைக் கிளறிவிட்டால் உங்களிடம் உண்மை இருந்தும் பயனில்லை. ஓட்டப் போட்டியின் முடிவு பற்றியென்றால், முடிவை அறிவித்த 30 நிமிடத்துக்குள் ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் எழுத்து மூலமாக, டெபாசிட் பணத்தோடு, மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வாதம் நிற்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாமல் போகலாம். அதனால் அணி மேனேஜர் கையில் எப்போதும் ரொக்கம் இருக்க வேண்டும். ஏ.டி.எம். தேடி ஓடும் நேரத்தில் அரைமணி போய்விடும். கண் முன்னால் நடந்திருக்கிறது.

போர்டைப் பற்றி இன்னொன்று. 2021 நவம்பரிலிருந்து விதி கடுமையாகிவிட்டது. முன்பெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிசைனில் தடம் பட்டால்தான் ஃபவுல். இப்போது உந்தும் காலின் ஷூ முனை கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தாலே ஃபவுல். பெரிய மீட்டுகளில் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். பழைய பழக்கத்தில் கட்டைவிரலை விளிம்பில் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டார்கள். போர்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி மிதிக்கப் பழக்குங்கள். மூன்று ஃபவுல் வாங்கி வீட்டுக்குப் போவதைவிட, பத்து சென்டிமீட்டர் போனாலும் பரவாயில்லை.

எதிர்ப்புத் தெரிவிக்கத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் ஜோதிதான் உதாரணம். இது தேசிய மீட் இல்லை, 2023 ஹாங்சோ ஆசியப் போட்டி. பக்கத்து லேனில் சீனத்து வூ யானி முந்திக் கிளம்பினார். ஜோதியும் கூடவே அசைந்ததால் இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஜோதி நகரவில்லை. நின்ற இடத்திலேயே வாதாடினார். திரையைப் பார்த்தார்கள். கடைசியில் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு இருவரையும் ஓட அனுமதித்தார்கள். ஓட்டம் முடிந்த பிறகு வூ யானியைத் தகுதிநீக்கம் செய்ய, மூன்றாவது வந்த ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. அழுதுகொண்டே பை எடுக்கப் போயிருந்தால் ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா ஃபால்ஸ் ஸ்டார்ட்டிலும் இப்படி வாதாட முடியாது. துப்பாக்கி வெடித்து 0.1 வினாடிக்குள் உங்கள் கால், அதை ஊன்றியிருக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக்கை அழுத்தினால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மனிதக் காதுக்கு அவ்வளவு வேகம் இல்லை என்பது கணக்கு. ஒரே தடவைதான், எச்சரிக்கை எல்லாம் பழைய காலம். 2021 மார்ச்சில் பாட்டியாலா ஃபெடரேஷன் கப்பில் பெண்கள் 100 மீட்டர் இறுதியில் ஹிமா தாஸ் இப்படித்தான் வெளியேறினார். அந்த ஓட்டத்தில் திருச்சிப் பக்கம் குண்டூரைச் சேர்ந்த தனலட்சுமி 11.39இல் முடித்து டூட்டி சந்தைப் பின்னுக்குத் தள்ளினார். மூன்றாவது இடமும் தமிழ்நாட்டுக்கு, அர்ச்சனா சுசீந்திரன். அடுத்து 200 மீட்டரில் இறுதிக்கு முந்தைய சுற்றிலேயே 23.26 ஓடி, பி.டி. உஷா 1998இல் சென்னையில் வைத்த 23.30 என்ற மீட் சாதனையையும் தனலட்சுமி உடைத்தார். இறுதியில் ஹிமா முந்திக்கொண்டார். அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

அடுத்த வருஷமே தனலட்சுமி ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி மூன்று வருஷத் தடை வாங்கினார். பாட்டியாலா ஓட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் குரல் இறங்கிவிடும். சொல்லாமல் விடுவது சரியில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்.

கோமதி மாரிமுத்து விஷயம் இன்னும் சிக்கல். 2019 மார்ச்சில் பாட்டியாலா ஃபெடரேஷன் கப்பில் அவரிடம் மாதிரி எடுத்தார்கள். ஏப்ரலில் தோஹா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். முடிகண்டம் கிராமத்து வீட்டு வாசலில் தமிழ்நாடே வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மார்ச் மாத மாதிரியின் முடிவு வெளியே வந்தது. நான் எதையும் தெரிந்து உட்கொள்ளவில்லை என்றார் அவர். 2020இல் நான்கு வருஷத் தடை, தங்கமும் போயிற்று. முடிவு முன்னாலேயே வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். ஊரே தூக்கிக் கொண்டாடி அப்புறம் கீழே போட்டிருக்கவும் வேண்டாம். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்றைக்கும் எனக்கு உண்டு. வீராங்கனைக்கு மட்டும் தண்டனை எழுதுகிற பழக்கம் நமக்குச் சௌகரியமாகிவிட்டது.

இன்னொரு பக்கம், 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் நடந்த கூத்தையும் மறைக்கக் கூடாது. பரிசோதனைக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிலிருந்து (NADA) ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். தனியாக ஓடித் தனியாக ஜெயித்தார். தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீப்பிள்சேஸ் ஓடிய ஒரு ஜூனியர் பெண் முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், பரிசோதகர் பின்னால் துரத்தியதாகவும் செய்தி வந்தது. சிரிப்பு வந்தாலும் அடிவயிறு கலங்குகிற செய்தி.

பிள்ளைகளுக்கு இதில் தெரிய வேண்டியது நிறைய. ஓடி முடித்ததும் ஒருவர் வந்து கையெழுத்து கேட்பார். அந்த நிமிடத்திலிருந்து அவர் கண்ணைவிட்டு நீங்கள் மறையக் கூடாது. தண்ணீரை அவர்கள் வைத்திருக்கும் சீல் உடைக்காத பாட்டிலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நண்பன் நீட்டும் பாட்டில் வேண்டவே வேண்டாம். 90 மில்லியாவது சிறுநீர் வேண்டும். வராது. வெயிலில் ஓடிய உடம்புக்கு எங்கே வரும்? என்னுடன் வந்த ஒரு பெண் அந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கள் ரயிலே போய்விட்டது. அவசரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தாலும் தப்பு. சிறுநீர் நீர்த்துப்போனால் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் கூட ஒரு பெரியவர் இருக்கலாம், அதைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப் பவுடர் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். சளி மாத்திரை உட்பட எழுதிவிடுங்கள். ஜிம்மில் ஒரு அண்ணன் கொடுத்தான், டப்பாவில் பேர் ஞாபகமில்லை என்று சொல்கிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஊசியோ பவுடரோ, பேர் தெரியாத எதுவும் உடம்புக்குள் போகக் கூடாது. ஆஸ்துமா மாதிரி நிரந்தர நோய் இருந்தால், மருத்துவக் காரணத்துக்கான அனுமதி வாங்க வழி உண்டு. ஆனால் அதற்கு மீட்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கால் ரூம் (call room), அதாவது ஓட்டத்துக்கு முன் பேர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் அறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் மாலை 5 மணி என்றால் நீங்கள் 5 மணிக்கு டிராக்கில் நிற்பது இல்லை. அதற்கு முன்பே கால் ரூமில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். நேரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அவ்வளவுதான், எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே விட மாட்டார்கள். ஸ்பைக்கின் ஆணி நீளம் செயற்கைத் தளத்தில் 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் 12. 2024 நவம்பரிலிருந்து டிராக்கில் போடும் ஷூவின் அடிப்பாகமும் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரோட்டில் ஓடும் தடித்த ஷூவோடு 1500 மீட்டருக்கு வந்து நிற்கிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். இருக்கிற ஒரே ஜோடி அது என்று சொன்னால் அவர்களுக்கு என்ன? மொபைல், இயர்போன் எல்லாம் வெளியே. செஸ்ட் நம்பர் குத்த நான்கு ஊக்கு. ஊக்குக்காகவே கால் ரூம் வாசலில் அழுகிற பிள்ளைகள் உண்டு என்பதால் என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சரம் இருக்கும்.

வளைவில் லேன் கோட்டை மிதிப்பது பற்றியும் பயம் இருக்கிறது. முன்பு மாதிரி ஒரு தடவை மிதித்தாலே வெளியே என்பது இப்போது இல்லை. வளைவில் ஒரு தடவை உள்கோட்டில் கால் பட்டால் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அது கணக்கில் ஏறும். முதல் சுற்றான ஹீட்ஸில் ஒன்று, இறுதியில் ஒன்று என்றால் தகுதிநீக்கம்.

பயணத்தில் மற்றதெல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். போல் வால்ட் கம்புதான் பெரும்பாடு. ரயில் பெட்டிக்குள் அந்த நீளத்தை எங்கே வைப்பது? ஒவ்வொரு டிக்கெட் பரிசோதகரிடமும் புதிதாகக் கதை சொல்ல வேண்டும். பிள்ளையின் அடையாள அட்டை, போட்டிக்கான அழைப்புக் கடிதம், பள்ளியின் கடிதம், மூன்றையும் ஒரே கவரில் மேலாகவே வைத்திருங்கள். பாட்டியாலா பக்கம் மார்ச்சில் காலை குளிர் எங்கள் ஊர் மார்கழியைவிட மோசம். ஸ்வெட்டர் இல்லாமல் வந்த பையனுக்கு வார்ம் அப் பண்ணியே உடம்பு சூடாகவில்லை. சாப்பாட்டில் தயிரும் சோறும் எங்கே கிடைக்கும் என்று போனதும் முதலில் தேடிவையுங்கள். போட்டிக்கு முதல் நாள் புது எண்ணெய்ப் பலகாரம் எதையும் முயற்சி பண்ண வேண்டாம்.

கடைசியாகச் சான்றிதழ். ஜெயித்த சந்தோஷத்தில் அதைக் கையில் வாங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். ஊருக்கு வந்து கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு நீட்டும்போதுதான் தெரியும், பேர் தப்பாக இருப்பது. நம் பிள்ளைகளின் இனிஷியல் வடக்கே போனால் படாதபாடு படும். சம்மேளனத்தின் பதிவு எண்ணுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே, இரண்டாவது பெயர் என்ற கட்டத்தில் சிலர் அப்பா பேரை முழுதாகப் போடுவார்கள், சிலர் ஒற்றை எழுத்து, சிலர் சாதிப் பேர். அதுவே சான்றிதழிலும் அப்படியே வந்துவிடும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, ஆதாரிலும் பதிவிலும் அப்படியே இருக்கும்படி முதல் மீட்டுக்கு முன்னாலேயே சரிசெய்துவிடுங்கள். மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் பேர், பிறந்த தேதி, போட்டியின் பேர், எத்தனையாவது இடம், கையெழுத்து, முத்திரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓட்ட முடிவுகள் ஒட்டியிருக்கும் பலகையையும் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். தப்பு இருந்தால் செயலாளர் மேஜையில் அங்கேயே மாற்றித் தருவார்கள். ஊருக்கு வந்து தபாலில் கேட்டால், பிள்ளை படிப்பை முடித்து வேலைக்கே போய்விடும்.